மீட்டரில் மட்டும் ஏறிய வோல்டேஜ்

கல்லூரி ஆய்வகங்களுக்கு நான் செய்து அனுப்பும் வோல்டேஜ் பெருக்கி சர்க்யூட்டில் பல்பை மாட்டிவிட்டு, எரியவில்லை என்று ஒரு பேராசிரியர் போனில் புலம்பினார். அது வோல்டேஜைத்தான் ஏற்றும், பல்பு எரியக் கரண்ட் தராது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே தெரியும்.

ஏரல் ஊரில் இருந்த, பட்டம் வாங்கிய என் சித்தப்பாவும் இப்படித்தான். வோல்டேஜ் குறைந்து விளக்கு மங்கிய ஒரு சாயங்காலம், ஈயப் புகையும் கேசரி நெய்யும் மணக்க, தன்னை மாப்பிள்ளை பார்க்க வந்த பெண்ணின் அப்பா முன்னால், பல்பைப் பிரகாசமாக்குகிறேன் என்று அதே சர்க்யூட்டைப் போட்டார். மீட்டர் முள் விர்ரென்று ஏறியது. பல்பை மாட்டியதும் முள் படுத்தது, பல்பும் எரியவில்லை.

வந்தவர் கேசரியைத் தொடாமல் எழுந்தார். "எம்மவ முள்ளப் பாத்துக்கிட்டா சோறாக்குவா? வாரேன் வே."

சம்பந்தம் போயிற்று. சித்தப்பாவோ பல்பு சரியில்லை என்றே சாதித்தார்.

"அண்ணாச்சி, வேற பல்பு மாட்டிப் பாக்கட்டுமா?" என்றார் போனில் பேராசிரியர்.

"கடையில நெறைய இருக்கு சார், ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க" என்றேன்.