மரவள்ளிப் பாத்தியில் ஒரு குழி

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, மாமா நிவித்திகல டவுனிலிருந்து பென் டிரைவில் ஒரு படம் ஏற்றிக்கொண்டு வந்தார். அதில் இரண்டு துப்பறிவாளர்கள். ஒருவர் ஒல்லி, எதைக் கண்டாலும் அளந்து நோட்டில் எழுதிக்கொள்வார். மற்றவர் குண்டு, வாய் ஓயாது. தடயத்தின் மேலேயே போய் உட்காருவார். சோதித்துப் பார்க்க எடுத்து வைத்த கேக்கைத் தின்றே தீர்த்துவிடுவார். மாமா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் காம்பிராக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள். எனக்கோ, ஒல்லிக்காரர் எப்படித்தான் கண்டுபிடித்தார் என்பதிலேயே மனம் நின்றுவிட்டது.

அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை. மாதம் ஒருமுறை வருவார். தோட்டத்துத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடான லயத்தில், எங்கள் காம்பிராவில் அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான் என்று மூன்று பேர்தான்.

அடுத்த வாரம் ஓடையோரத்தில் எங்கள் மரவள்ளிப் பாத்திக்குள் ஒரு குழியைக் கண்டேன். வாழைச் சருகு போட்டு மூடியிருந்தது. விலக்கினால் என் கழுத்தளவு ஆழம். பக்கத்தில் கழுவிக் கொட்டிய சரளை. எங்கள் பக்கத்து மண்ணில் மாணிக்கக் கல் கிடைக்கும். ஆனால் தோட்டத்து நிலத்தில் களவாகத் தோண்டினால் வேலை போகும், பொலிஸும் வரும். இது லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்.

"யாரோ நம்ம பாத்தியில கல்லு தோண்டுறாங்க மாமா. நாம கண்டுபுடிப்போம். நான் ஒல்லி, நீங்க குண்டு."

மாமா கொக்கு மாதிரி இருப்பார். ஆனாலும் "சரி பார்ட்னர்" என்றார்.

சரளையைக் காட்டினேன், அள்ளி ஓடையில் வீசிவிட்டார். ஈர மண்ணில் ஒரு செருப்புத் தடம் இருந்தது. குதிகாலில் அரைவட்டமாக ஒரு துண்டைக் காணோம். அதை அளந்து நோட்டில் வரைந்து முடித்தேனோ இல்லையோ, மாமா வழுக்கி அதன் மேலேயே விழுந்தார்.

"ஐயோ, சறுக்கிருச்சு பார்ட்னர்!"

எனக்குக் கோபமே வரவில்லை. படத்திலும் குண்டர் அப்படித்தானே. நோட்டைத் தா, பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று மாமா மூன்று தடவை கேட்டார். குண்டரை நம்பிக் கொடுக்க முடியுமா? தலையணைக்கடியில் வைத்துப் படுத்தேன்.

பிறகு லயம் முழுக்க, எங்கள் வாசலைத் தவிர, எல்லா வாசலிலும் செருப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்திலும் பீற்றிக்கொண்டேன். இரண்டு நாளில் செய்தி தோட்டத்தைக் காவல் காக்கும் வாச்சர் காதுக்குப் போய், சாயங்காலம் அவரே எங்கள் வாசலில் வந்து நின்றார். சிங்களவர்; எங்களைப் போலவே தமிழ் பேசுவார். என்னை மட்டும் 'துவ', மகள் என்று கூப்பிடுவார்.

"என்னமோ கண்டுபுடிச்சியாமே துவ? காட்டு பாப்போம்."

நோட்டை நீட்டினேன். வாச்சர் நான் வரைந்த தடத்தைப் பார்த்தார். பிறகு வாசலில் கழற்றிக் கிடந்த அம்மாவின் செருப்பைப் பார்த்தார். அடுப்புக் கங்கு பட்டு அதன் குதிகால் ஓரம் கருகி உதிர்ந்து போயிருந்தது. அம்மா காலாலேயே அதைக் கதவுக்குப் பின்னால் தள்ளினாள். ஆள் வந்தால் வாசலை ஒதுக்கி வைப்பது அம்மாவின் வழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வாச்சர் அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"ஹரி, சரி. இது முள்ளம்பன்னி வேல. தொரைகிட்ட அப்பிடித்தான் சொல்லுவேன்."

"முள்ளம்பன்னி செருப்பு போடுமா?"

"சிலது போடும் பார்ட்னர்" என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை.

தோண்டியது அம்மாவும் மாமாவும்தான் என்று எனக்குத் தெரியவந்தபோது நான் ஓ.எல். பரீட்சை முடித்திருந்தேன். சொந்தமாக ஒரு துண்டு காணி வாங்கிவிடலாம் என்று எட்டு நாள் தோண்டியிருக்கிறார்கள். ஒரு நல்ல கல்கூட அகப்படவில்லை.

வாச்சர் வந்து போன மறுநாள் காலையில் அம்மா தேங்காய் ரொட்டி சுட்டு, காரமான கட்டாச்சம்பலோடு கட்டி, வாச்சர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாள்.

"அவருக்கு எதுக்கும்மா? அவருக்குத்தான் ஒண்ணுமே தெரியலையே."

"ஆறிப்போறதுக்குள்ள ஓடு" என்று அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாச்சர் பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மாமாகிட்ட சொல்லு துவ, இன்னைக்கே அந்தக் குழிய மூடி வாழக்கன்னு வச்சிரட்டும்."

இருந்த ஒரே தடயத்தையும் மூடச் சொல்கிறாரே, இவரை எந்தத் தொரை வாச்சராகப் போட்டாரோ என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு ஆறவே இல்லை.