அக்கா பேசாத பருவம்

என் அக்காவுக்கு வீட்டில் பட்டப்பெயர் ரேடியோ. பல் துலக்கும்போதுகூடப் பேசுவாள். வாயில் நுரையோடு அவள் சொல்வது ஒருவருக்கும் புரியாது. ஆனாலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கொப்பளிப்பாள். அவள் கல்லூரியில் கணக்கு வாத்தியார் ஆனபோது எங்கள் வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. மணிக்கணக்கில் பேசுவதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் அவளுக்குக் கசக்குமா?

வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பல்கலைக்கழகம் சனி, ஞாயிறு காலைகளில் ஒரு பட்டப் படிப்பு நடத்துகிறது. அதில் அக்கா கணிதப் பாடம் நடத்தினாள். குடோனில் சரக்குக் கணக்குப் பார்க்கும் நானும் நாற்பதைத் தொடுகிற வயதில் அதில் சேர்ந்தேன். சேர்த்துவிட்டதே அவள்தான்.

"டிகிரி இல்லாததால சூப்பர்வைசர் வேலை கைநழுவிப் போச்சுன்னு புலம்புற இல்ல, வந்து உக்காரு. ஆனா வகுப்புல அக்கான்னு கூப்பிட்டே, தொலைஞ்ச" என்றாள்.

வகுப்பில் மேடம், வாசல் தாண்டினால் அக்கா. அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எங்களுக்குக் கொடுத்திருந்தது பழைய வேதியியல் கூடம். நீளநீளமான மேஜைகள், ஓரத்தில் தண்ணீர் வராத குழாய்கள், ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் படாத ஸ்டூல்கள். என் பக்கத்தில் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் உட்காருவார். இரவு வேலை முடித்து அப்படியே வருவதால் சீருடையிலேயே இருப்பார். முன்வரிசையில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். எதையும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளாத ஆள். ஜன்னலோரம் ஓர் அண்ணியும் நாத்தனாரும். இருவரும் ஒரே தையல் தொழிற்சாலையில் வேலை, ஒரே வண்டியில் வருவார்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். அண்ணி பேசுவார், நாத்தனார் தலையாட்டுவார். அந்தப் பெண்ணின் குரல் எப்படி இருக்கும் என்றே எங்களுக்குத் தெரியாது.

அக்காவின் வகுப்பு என்றால் அருவி மாதிரி. கேட்க நன்றாக இருக்கும். எல்லாம் புரிவது போலவே இருக்கும். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தால் ஒன்றும் இருக்காது.

இரண்டாம் ஆண்டு தொடங்கும் சமயத்தில் அவள் தொண்டை கட்டியது. முதலில் ஜலதோஷம் என்றார்கள். பிறகு குரல் நாணில் சின்னச் சின்ன முடிச்சுகள் என்றார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: நான் சொல்லும்வரை ஒரு வார்த்தை கூடாது, கிசுகிசுப்பது அதைவிட மோசம், மீறினால் குரலை மறந்துவிடலாம்.

அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சாதுவான மனிதர். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீடு இவ்வளவு அமைதியா இருந்து நான் பாத்ததே இல்ல மாப்ள. பயமா இருக்கு" என்றார்.

அக்கா விடுப்பு எடுத்திருக்கலாம். ஆனால் அவளுக்குப் பதில் வர ஆள் இல்லை. வகுப்பு நின்றால் எங்களுக்கு ஒரு வருடம் போய்விடும். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வருடம் என்பது சும்மா இல்லை. குடும்பமே தடுத்தும் அவள் கேட்கவில்லை. வாய் பேச முடியாவிட்டாலும் பிடிவாதத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

முதல் சனிக்கிழமை, பேசுவதையெல்லாம் அப்படியே போர்டில் எழுதினாள். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி எழுதி, அழித்து, எழுதி, அழித்து. நாங்கள் கை வலிக்கக் காப்பி அடித்தோம். ஆம்புலன்ஸ்காரர் குறட்டையே விட்டுவிட்டார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இதை ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துட்டா வீட்லயே இருந்து படிச்சுக்குவோமே" என்றார் ஏஜென்ட்.

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று வீட்டுக்கு வந்தும் அந்தப் பார்வை மாறவில்லை.

மறுநாள் வந்தவள் போர்டில் ஒரே ஒரு வரி எழுதினாள்.

'சிக்னல் கம்பத்தைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில், ஆம்புலன்ஸின் வேகம் என்ன?'

எழுதிவிட்டுக் கடைசி வரிசைக்கு வந்து, எனக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

நாங்கள் காத்திருந்தோம். அவளும் காத்திருந்தாள். குரல் இருந்த நாட்களில் அவளும் கேள்வி கேட்பாள். நாங்கள் மூச்சு விடுவதற்குள் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். இப்போது சொல்ல வழியில்லை. வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம்கூடக் கேட்டது. அப்படி ஓர் அமைதி வகுப்பறையில் இருந்தால் உடம்பெல்லாம் கூசும். யாராவது எதையாவது பேசித் தொலைத்தால் தேவலை என்று இருக்கும்.

ஆம்புலன்ஸ்காரர்தான் உடைத்தார். "இதுல என்ன இருக்கு? மீட்டரைப் பாத்தா தெரிஞ்சிடப் போகுது."

"மீட்டர் எப்படிங்க கண்டுபிடிக்குது?" என்றார் ஏஜென்ட்.

"அது எனக்கெதுக்குங்க, முள் காட்டுது."

"போன தூரத்தை ஆன நேரத்தால வகுக்கணும்" என்றேன் நான். பள்ளிக்கூடத்தில் படித்தது.

"சரி, அந்த ஒரு கணத்துல வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும்?"

மெல்லிய குரல். யார் என்று எல்லோரும் திரும்பினோம். நாத்தனார்! அண்ணியே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"போகாது" என்றார் ஏஜென்ட். "கணம்னா நேரமே இல்லையே. போட்டோ எடுத்த மாதிரி, வண்டி அப்படியே நிக்கும்."

"அப்போ தூரமும் பூஜ்யம், நேரமும் பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால வகுத்தா என்ன வரும்?" என்றார் நாத்தனார்.

"நிக்கிற வண்டிக்கு ஏதும்மா வேகம்?" என்று அண்ணி கேட்டார்.

"நிக்கலைங்க!" ஆம்புலன்ஸ்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. "உள்ள பேஷண்ட் இருக்காரு, நான் ஏன் நிக்கப் போறேன்?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. நேரம் முடிந்தும் படிக்கட்டில் நின்று சண்டை போட்டோம். வண்டி நிற்கவும் இல்லை, அந்தக் கணத்தில் நகரவும் இல்லை. நகராத ஒன்றுக்கு எப்படி வேகம்? குடோனில் லாரி உள்ளே வரும்போதெல்லாம் எனக்கு இதே நினைப்பு. லோடு இறக்குகிறவரிடம் கேட்டதற்கு, "சார், உங்களுக்கு ரெண்டு நாள் லீவு வேணும்" என்றார்.

ஆனால் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. ஏஜென்ட் அத்தனை வாதம் செய்துவிட்டு, வீட்டுக்குப் போய் இந்தப் படிப்பின் பொறுப்பாளருக்குப் புகார் அனுப்பியிருந்தார். ஆசிரியர் பாடமே நடத்துவதில்லை, மாணவர்களே கத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று. அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

அக்கா வீட்டில் என்ன செய்தாள் என்று நான் பார்த்தேன். முன்பெல்லாம் என்ன பேசுவது என்று தயார் செய்வாள். இப்போது என்ன கேட்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். ஒரு கேள்வி எழுதுவாள், அடிப்பாள். ரொம்ப எளிதாக இருந்தால் நாங்கள் ஒரே நிமிடத்தில் முடித்துவிடுவோம். ரொம்பக் கடினமாக இருந்தால் கையைத் தூக்கிவிடுவோம். நடுவில் ஒரு கேள்வி வேண்டும். மாமாவிடம் சைகையில் கேட்டுப் பார்ப்பாள். அவர் திருதிருவென்று விழித்தால் அந்தக் கேள்வியை அடித்துவிடுவாள்.

அடுத்த வாரம், மேஜையின் ஒரு பக்கத்துக்கு முட்டுக்கொடுத்துச் சரிவாக்கி, ஒரு பந்தை உருட்டிக் காட்டினாள். பிறகு போர்டில் எழுதினாள்: 'இப்படி உருளும் ஒரு பந்து ஒரு நொடியில் ஒரு அடி போகிறது. இரண்டு நொடியில் நான்கு. மூன்று நொடியில் ஒன்பது. சரியாக மூன்றாவது நொடி முடியும் அந்தக் கணத்தில் அதன் வேகம் என்ன?' எழுதிவிட்டு, சாக்பீஸை முன்வரிசை மேஜையில் வைத்தாள்.

கொஞ்ச நேரம் யாரும் தொடவில்லை. ஆம்புலன்ஸ்காரர் எடுத்தார். ஒன்று, நான்கு, ஒன்பதுக்கு அடுத்தது பதினாறு; மூன்றிலிருந்து நான்காவது நொடிக்குள் ஒன்பது பதினாறாகிறது, ஆக வேகம் ஏழு என்றார். அந்த ஒரு நொடிக்குள்ளேயே வேகம் ஏறிவிடுகிறதே என்று ஏஜென்ட் மறித்தார். நான் போய் அரை நொடி எடுத்துக் கணக்குப் போட்டேன். தப்பு. இன்னொருவர் திருத்தினார். ஆறரை வந்தது. நாத்தனார் எழுந்தார். நொடியில் பத்தில் ஒரு பங்கு எடுத்தார். ஆறு புள்ளி ஒன்று. நூறில் ஒரு நொடி. ஆறு புள்ளி பூஜ்யம் ஒன்று.

அந்த நேரம் பார்த்து வாசலில் பொறுப்பாளர் வந்து நின்றார். வேதியியல் பேராசிரியர், கண்டிப்பானவர். உள்ளே பாதிப் பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள், ஆசிரியை கடைசி வரிசையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"சார், கொஞ்சம் அப்படி உக்காருங்க. முக்கியமான கட்டத்துல இருக்கோம்" என்றார் ஏஜென்ட். புகார் கொடுத்த அதே ஏஜென்ட்! பொறுப்பாளர் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு" என்றார் நாத்தனார்.

"ஆறு எங்கம்மா வந்துச்சு? ஆறு புள்ளி பூஜ்யம் ஒண்ணுதானே வந்திருக்கு?" என்றார் ஏஜென்ட்.

"வராதுங்க. எவ்வளவு சின்னதா எடுத்தாலும் ஆறு வராது. ஆனா..." அந்தப் பெண் போர்டையே பார்த்தபடி நின்றார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. காத்திருக்க எங்களுக்கும் பழகியிருந்தது. "ஆனா அதால வேற எங்கேயும் போக முடியாது. ஆறைத் தவிர."

ஏஜென்ட் மெதுவாக எழுந்தார். "இருங்க. இந்தப் பக்கத்துல இருந்து வந்தா?" என்று சாக்பீஸை வாங்கினார். மூன்று நொடிக்கு முன்னால் பத்தில் ஒரு நொடி. ஐந்து புள்ளி ஒன்பது. நூறில் ஒரு நொடி. ஐந்து புள்ளி ஒன்பது ஒன்பது.

கீழே இருந்து ஏறி வருகிற எண்கள், மேலே இருந்து இறங்கி வருகிற எண்கள். நடுவில் யாரும் தொடாத ஆறு. அதை ஒருவரும் எழுதவில்லை. ஆனால் அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்தது, இருட்டில் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பது தெரிவது போல. ஆம்புலன்ஸ்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"அப்போ நிக்கலை" என்றார் அவர். "வண்டி நிக்கலை. நான் சொன்னேன் இல்ல!"

அக்கா எழுந்து முன்னால் போனாள். அவள் கண் கலங்கியிருந்தது. சாக்பீஸை வாங்கி, ஓரமாக எழுதினாள்: 'இந்த இடத்துக்கு வந்து சேர மனித குலத்துக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. நீங்கள் இன்று நடந்தே வந்துவிட்டீர்கள்.'

பொறுப்பாளர் எழுந்து போனார். அடுத்த வாரமும் வந்தார். புகார் என்ன ஆனது என்று ஏஜென்ட் கேட்டதற்கு, "எந்தப் புகார்?" என்றாராம்.

பருவம் முடியும் நேரத்தில் டாக்டர் அனுமதி கொடுத்தார். குரல் கரகரவென்று, கீழிறங்கி, வேறு யாருடையதோ போல இருந்தது. அக்கா பூரித்துப்போய் வகுப்புக்கு வந்து, பழையபடி பொழிய ஆரம்பித்தாள். நாங்களும் ஆசையாகத்தான் கேட்டோம். அரை மணி நேரம் போயிருக்கும், ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றுவிட்டாள். எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தாள். ஆம்புலன்ஸ்காரர் தூங்கி வழிந்தார். நாத்தனார் தலையாட்டிக்கொண்டிருந்தார், வெறுமனே.

"இதுக்கு மேல யாராவது சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, கடைசி வரிசைக்கு வந்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். பேச முடிந்தும் பேசாமல் இருக்க அவள் பட்ட பாட்டை நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள். "நான் பேசுறப்போ நீங்கள்லாம் இவ்வளவு அழகா தூங்குவீங்கன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதுடா. போர்டையே பாத்துப் பேசியிருக்கேன்."

"நல்லாத்தான் இருக்கும்க்கா கேக்குறதுக்கு."

"எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அதான் வினையே."

தேர்வில் எல்லோரும் கொடிகட்டிப் பறந்தார்கள் என்று சொன்னால் பொய். நான் தட்டுத்தடுமாறித்தான் தேறினேன். ஆம்புலன்ஸ்காரர் வேலைப் பளுவில் நின்றுபோய், அடுத்த ஆண்டு திரும்ப வந்து முடித்தார். நாத்தனார் கணிதத்தில் மேற்படிப்பு படிக்கிறார். அவருடைய டிபன் பாக்ஸை அண்ணிதான் இப்போதும் கட்டிக் கொடுக்கிறாராம்.

போன மாதம் அக்கா மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்விட்டாள். மாமா என்னைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். வேதியியல் கூடத்து வராந்தாவில் போகும்போதே உள்ளே பெருங்கூச்சல். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்பின் தெரியாத முகங்கள். வயதான பெரியவர் ஒருவர் போர்டின் முன்னால் நின்று, எழுதியதைப் புறங்கையால் அழித்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்து யாரோ விடையைச் சொல்லப் போக, அவர் திரும்பாமலே கையைத் தூக்கித் தடுத்தார்.

"இருங்க, இருங்க. யாரும் சொல்லிடாதீங்க. வருது... வந்துட்டே இருக்கு."

அறை மொத்தமும் அடங்கியது. அக்கா சுவரோரம் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கொடுக்க உள்ளே போக எனக்கு மனசு வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெரியவருக்கு அது வரும்வரை நானும் ஜன்னலோரமே நின்றேன்.