ஸ்கேனுக்குள் சொன்ன ஜெபமாலை

என் மனைவிக்குத் தலையில் கட்டி. ஆபரேஷனில் பேச்சு போய்விடுமோ என்று பயந்தோம். மூளையில் பேச்சு இருக்கும் இடத்தைப் பார்க்க, செந்துறையிலிருந்து திருச்சிக்கு ஸ்கேனுக்குப் போனோம். விளக்கு எரிந்தால் மனதுக்குள் வார்த்தைகள் சொல்லவேண்டும். அணைந்தால் சும்மா இருக்கவேண்டும். படம் தெளிவாக வரவில்லை.

“அணைஞ்சப்ப என்னம்மா செஞ்சீங்க?” என்றார் டாக்டர்.

“ஜெபமாலை சொன்னேங்க.”

“அதுவும் பேச்சுதானேம்மா!”

“நீ சும்மா படு. உனக்கும் சேத்து நான் வெளியே சொல்றேன்,” என்றேன்.

“நடுவுல நீங்க தூங்கிடாதீங்க,” என்றாள்.

மறுபடி எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் மூளையின் மடிப்புகள்மேல் சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தது.

“இதுதான் பேச்சு. கட்டி தள்ளித்தான் இருக்கு,” என்றார் டாக்டர்.

மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

அவள் படத்தையே பார்த்தாள். “இத்தினியூண்டு இடத்தை வச்சா உங்கள இத்தனை வருஷம் திட்டினேன்?”

“இன்னும் திட்டு புள்ள,” என்றேன்.