நாலு இல்லாத சக்கரம்

லான்ஜோ நகரத்தில் மிளகாய் எண்ணெய் வேண்டாம் என்று சொல்லி மாட்டிறைச்சி நூடுல்ஸ் வாங்குகிற ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருத்தி காங் லான்மெய். கடைக்காரர் இருபத்தேழு வருஷமாக முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் அவளிடம் கிண்ணத்தை நீட்டுகிறார். அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா, நாக்கு செத்தா போயிற்று? வேலை நாளில் காரம் தின்றால் தும்மல் வரும். ஒரே ஒரு தும்மல் போதும், இரண்டு நாள் உழைப்பு காற்றோடு போய்விடும்.

அவள் வேலை தகடு செய்வது. தகடு என்றதும் தகரக்கொட்டகையை நினைத்துவிடாதீர்கள். ஒரு தலைமுடியை நீளவாக்கில் நூறாகப் பிளக்க முடிந்தால், அதில் ஒரு பிளவின் கனம்கூட இருக்காது அது. கண்ணாடியில் ஆவியாகப் படியவைத்த கரிப்படலத்தை, தண்ணீர்த் தட்டில் சாய்வாக இறக்குவாள். படலம் கண்ணாடியை விட்டுக் கழன்று தண்ணீர்மேல் மிதக்கும். அடியிலிருந்து ஒரு சின்ன உலோகச் சட்டத்தைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அப்படியே ஏந்தி எடுப்பாள். அது காய்ந்தபின் அதன்மேல் கன உலோகத்தைப் பூசவேண்டும். பன்னிரண்டு தகடுகளை வட்டமாக மாட்டினால் ஒரு சக்கரம். ஆராய்ச்சிக்கூடத்துப் பெரிய முடுக்கி, அணுக்கருக்களை ஓட ஓட விரட்டி அந்தச் சுழலும் சக்கரத்தில் மோதவிடும்.

எதற்கு? அதைக் குழுத்தலைவர் லெய்யிடம் கேட்கவேண்டும். கேட்டால் ஆராய்ச்சிக்கூடமே அதிரும், மனுஷன் குரல் அப்படி.

"ரெண்டு அணுக்கருவும் ஒண்ணையொண்ணு கண்டாலே ஆகாது, லான்மெய்! கிட்டப் போனா தள்ளும். மெதுவா விட்டா திரும்பி ஓடிரும். வேகமா விட்டா ஒட்டின கையோட உடைஞ்சு சிதறிரும். ரெண்டுக்கும் நடுவுல, சரியான வேகத்துல, கோடி கோடி கோடியில ஒண்ணு ஒட்டும். ஒட்டினா அது புதுசு! இந்தப் பூமியிலேயே இல்லாதது!"

"என் தகட்டுலயா அண்ணே?"

"பின்ன என் மொட்டைத் தலையிலயா?"

சீண்ட நினைத்தால் அவர் அவளைக் கூப்பிடுவது 'காங் ஷிஃபு' என்று. ஷிஃபு என்பது கைவேலை தெரிந்தவர்களுக்கு எல்லோரும் கொடுக்கிற மரியாதை. ஆனால் காங் என்ற குடும்பப் பெயரோடு சேர்ந்தால் அது கடையில் விற்கிற பாக்கெட் நூடுல்ஸின் பெயர். கையால் மாவு இழுக்கிற ஊரில் பிறந்தவளுக்கு இதைவிட அவமானம் உண்டா? "வெந்நீர் ஊத்தட்டுமா?" என்று வேறு கேட்பார், படுபாவி.

அந்த வசந்தத்தில், மஞ்சள் புழுதிக் காற்று ஜன்னல்களில் அடித்துக்கொண்டிருந்த நாட்களில், சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. லான்மெய்க்கு அதுவே கடைசிச் சக்கரம், கோடை முடிந்ததும் ஓய்வு. கணக்குப் போடுகிற டாக்டர் யின், முப்பத்தைந்து வயசுக்காரி, சிரிக்கவே தெரியாதவள், தாளில் எழுதிக் காட்டியிருந்தாள்: தொண்ணூறு நாளைக்கு ஒன்று பிறக்கும். அதுவும் பிறந்தால்.

தொண்ணூற்று நாலு நாள் சுற்றி சக்கரம் நின்றது. மறுநாள் மதியம் நூடுல்ஸ் கடையில் லெய் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். லான்மெய்க்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்ன அண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒண்ணு கிடைச்சது," என்றார் லெய். "ஒரே ஒண்ணு. செகண்டுல நூறுல ஒரு பங்கு நேரம் உயிரோட இருந்துச்சு. ஆனா செல்லாது."

பக்கத்தில் இருந்த யின்தான் விளக்கினாள். "எந்தத் தகடு எதிர்ல இருந்தப்போ பிறந்துச்சுன்னு இந்தத் தடவைதான் கம்ப்யூட்டர்ல முதல்முதலா பதிவு பண்ணோம், அக்கா. ஏழு. ஏழாம் தகட்டுல ஈயம் கலந்திருக்கலாம்னு நீங்களே உங்க நோட்டுல எழுதியிருக்கீங்க. ஈயம் இருந்தா இதே மாதிரி பொய் அடையாளம் வரும். அதனால ஏழுல வந்தது எதையும் எடுத்துக்கிறதில்லைன்னு முன்னாலயே முடிவு பண்ணியாச்சு."

லான்மெய் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். ஆமாம், எழுதினாள். பூச்சு அறையில் அதற்கு முன் யாரோ ஈயம் ஏற்றியிருந்தார்கள், சரியாகத் துடைக்கவில்லை. மறைக்கக்கூடாது என்றுதான் எழுதினாள். இருபத்தேழு வருஷம் தும்மாமல் இருந்து, கடைசியில் என் கைத்தகடே அதைக் கொன்றுவிட்டதே என்று நினைத்தபடி எழுந்தாள்.

அறைக்குத் திரும்பி நோட்டைத் திறந்தாள். ஏழு, ஈயம், சந்தேகம். அவள் கையெழுத்தேதான். பக்கத்தைத் திருப்பினாள். எட்டு, மாசு இல்லை, ஒரு சுருக்கம்கூட இல்லை. ஒன்பது. பத்து. கடைசியாகச் சக்கரத்துக்குப் போன தகடு, பதின்மூன்று.

பதின்மூன்றா? சக்கரத்தில் இருப்பதே பன்னிரண்டு இடம்தானே!

அடக் கடவுளே. நாலு.

வேலைக்கு வந்த புதிதில் அவள் செய்த நாலாம் தகடு மூன்று தடவை கிழிந்தது. நாலு என்று சொன்னாலே சாவு என்று காதில் விழுகிற மொழி அவளுடையது. அன்றைக்கு விட்டாள் நாலை. மூன்றுக்கு அடுத்து ஐந்து, பதின்மூன்றுக்கு அடுத்து பதினைந்து. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சக்கரம் மாட்டுகிறவர்கள் எண்ணைப் பார்க்கமாட்டார்கள், பெட்டியில் இருக்கிற வரிசையில் மாட்டுவார்கள். கம்ப்யூட்டர் இடத்தை எண்ணும், தகட்டில் எழுதியிருப்பதைப் படிக்காது. அப்படியென்றால் அது சொன்ன ஏழு, எட்டாம் தகடு. சுத்தமான தகடு!

ஓடத்தான் தோன்றியது. ஆனால் வாசலிலேயே நின்றாள். கோடியில் ஒன்றை எண்ணுகிறவர்கள் முன்னால் போய் 'எனக்கு நாலு ஆகாது' என்று எப்படிச் சொல்வது? போகிற காலத்தில் ஊர் சிரிக்கும். ஆனால் பிறந்த ஒன்றைப் பிறக்கவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்களே. போனாள்.

யின் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "அக்கா, நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க? இது அணு ஆராய்ச்சிக்கூடம்!"

"நீ எத்தனாவது மாடியில இருக்கே?"

"அஞ்சு."

"கீழேருந்து எண்ணிப் பாரு பொண்ணே. உன் வீட்டு லிஃப்ட்டுல மூணுக்கு அடுத்து என்ன பொத்தான் இருக்கு?"

யின் விரல்விட்டு எண்ணினாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்ததை லான்மெய் முதல்தடவையாகப் பார்த்தாள். லெய் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் உன்னை நம்புறேன் லான்மெய். ஆனா வெளியாள் என்ன சொல்லுவான்? கிடைச்சது செல்லாதுன்னதும் கதை ஜோடிக்கிறாங்கம்பான். போற நேரத்துல பேரைக் காப்பாத்திக்கப் பொய் சொல்றாம்பான். சக்கரத்தைத் திறந்து பார்க்கணும். வேற குழுவிலேருந்து ஆள் வந்து நிக்கணும். நீ சொன்னது தப்பா இருந்தா..."

"தப்பா இருந்தா நான் தப்பு அண்ணே. திறங்க."

கதிர்வீச்சு அடங்க மூன்று நாள் ஆகும் என்றார்கள். அந்த மூன்று நாளும் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒருவேளை அந்தத் தடவை மட்டும் கைமறந்து நாலு எழுதியிருந்தால்? பெட்டியில் வரிசை மாறியிருந்தால்? நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டி, பக்கத்தின் ஓரமே நைந்துபோனது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, கனத்த சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரக் கை சக்கரத்தைத் திறந்தது. இந்தப் பக்கம் திரையில் நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், வந்த வெளியாளையும் சேர்த்து. நாலு பேர் என்பதைக் கவனித்து லான்மெய் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

முதல் இடம், ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது இடத்தில், சட்டத்தின் ஓரத்தில், அவள் கையால் கீறிய எழுத்து: ஐந்து.

வெளியாள் குனிந்து எழுதிக்கொண்டார். ஆறாவது இடத்தில் ஏழு. ஏழாவது இடம் வந்தது.

எட்டு.

லெய் சத்தம் போடுவார் என்று எல்லோரும் காதைத் தயாராக வைத்திருந்தார்கள். மனுஷனுக்குக் குரலே எழும்பவில்லை. இரண்டு கையையும் குவித்து லான்மெய்யின் முன்னால் குனிந்தார். "காங் ஷிஃபு," என்றார். அந்தப் பெயரில் அன்றைக்கு நூடுல்ஸ் இல்லை.

லான்மெய் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எந்த இடத்துல பிறந்துச்சு, யின்?"

"தெரியாது அக்கா. இந்தத் தகட்டுல எங்கேயோ."

"ஒரு தடம்கூட இல்லையே."

"இருக்காது. அவ்வளவு சின்னது."

சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு. இரண்டு பகல் மூச்சைப் பிடித்து அவள் தண்ணீரிலிருந்து ஏந்தியது. தொண்ணூற்று நாலு நாள் அடிவாங்கியும் கிழியவில்லை.

"இதுக்கு முன்னாடி அது எங்கேயாவது இருந்திருக்கா?"

"நமக்குத் தெரிஞ்சு இல்ல அக்கா. இந்தப் பூமியில இதுதான் முதல்."

லான்மெய்க்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. சந்தோஷமா, பயமா, பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. மலை, ஆறு, இந்தப் புழுதி எல்லாம் வந்து எத்தனை கோடி வருஷம்! அத்தனை காலமும் இல்லாத ஒன்று, என் தகட்டில் வந்து தலைகாட்டிவிட்டுப் போயிருக்கிறது என்று நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது. மூக்கு அரித்தது. இருபத்தேழு வருஷம் அடக்கிய தும்மல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்ததுபோல் ஒரு தும்மல் போட்டாள். வெளியாளின் தாள் பறந்தது.

"தும்மு தும்மு," என்றார் லெய், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இனிமே கிழியறதுக்கு ஒண்ணுமில்ல."

யின் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். 'செல்லாது' என்று இருந்ததை அழித்தாள். இடம் ஏழு, தகடு எட்டு என்று அடித்தாள். அடுத்த சக்கரத்துக்கான பட்டியலையும் கையோடு திறந்தாள். அதில் இடங்களின் பக்கத்தில் தகட்டு எண்களை நிரப்பிக்கொண்டே போனாள்: ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.

"யின், நான்தான் போறேனே. இனிமே நாலு எழுதிக்கலாமே," என்றாள் லான்மெய்.

"சும்மா இருங்க அக்கா," என்றாள் யின், திரும்பிப் பார்க்காமல். "உங்களுக்கு ஆகாதது எங்களுக்கும் வேண்டாம்."