பொது வரிசையில் நிற்கிறவன்

லைல் ஹெக்மனோடு விமானத்தில் போவதைவிட அவனுடைய ஓட்டை லாரியில் நானூறு மைல் போய்விடலாம் என்று எங்கள் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே நான்தான்.

நாங்கள் எடைமேடை சோதிக்கிறவர்கள். தானியக் கிடங்கில் லாரியையே ஏற்றி நிறுக்கிற மேடை, மாட்டுச் சந்தைத் தராசு, ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையைப் படுக்கவைக்கிற தட்டு, எல்லாம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து முத்திரை குத்திவிட்டு வருவது வேலை. லைல் அதில் பெரிய ஆள். "அந்த நெட்டைக்காரன அனுப்புங்க, அவன் கிடங்கு முதலாளிக்கும் பயப்பட மாட்டான், எங்களுக்கும் வளைஞ்சு கொடுக்க மாட்டான்" என்று விவசாயிகளே போன் போட்டுக் கேட்பார்கள். ஒமாஹாவிலிருந்து கிளம்பி மாதத்தில் பாதி நாள் நானும் அவனும் எங்காவது பறந்துகொண்டிருப்போம்.

அதனால்தான் முதலாளி தன் செலவில் எங்கள் இருவருக்கும் நம்பிக்கைப் பயணி அந்தஸ்து வாங்கிக் கொடுத்தார். கைரேகை வைத்தோம். ஓர் அதிகாரி எதிரே உட்கார்ந்து, ஜெயிலுக்குப் போயிருக்கிறோமா என்பது வரை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். கடைசியில், ரோண்டா நல்லவள், லைல் நல்லவன், விமான நிலையச் சோதனையில் இவர்கள் ஷூவைக் கழற்ற வேண்டாம், விரைவு வரிசையில் வரட்டும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது.

அந்த விரைவு வரிசையும் ஒன்றும் சொர்க்கம் இல்லை. சில நாள் விமானச் சீட்டில் விரைவு வரிசைக்கான குறியையே போடாமல் விட்டுவிடுவார்கள். நேற்றுவரை நம்பியவளை இன்றைக்கு ஏன் நம்பவில்லை என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. வேறு சில நாள் ஊரே நம்பிக்கைக்குரியதாகிப் போய், எங்கள் வரிசை பக்கத்து வரிசையைவிட நீண்டு கிடக்கும். இருந்தாலும் ஷூ காலிலேயே இருக்கிறதே, அதுவே போதும் எனக்கு.

லைலுக்கு அது போதவில்லை. சீட்டில் குறி இருந்தாலும் அவன் நேராகப் பொது வரிசைக்குப் போய்விடுவான். குழந்தை வண்டிகள், சக்கர நாற்காலிகள், வருஷத்துக்கு ஒரு தடவை பறக்கிற கிழவர்கள், இவர்களுக்கு நடுவில் நின்று, பெல்ட்டை அவிழ்த்து, ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து வருவான். போதாக்குறைக்கு அவன் பையில் தராசு சோதிக்கிற பித்தளை எடைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கும். சாமான்களோடு போட்டால் அடிபட்டுவிடும் என்று கையிலேயே வைத்திருப்பான். திரையில் அது கறுப்புக் கட்டியாகத் தெரிய, பையைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துடைத்துப் பார்ப்பார்கள். நான் அந்தப் பக்கம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. "பழகிப்போச்சு ரோண்டா" என்பான். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டான்.

போன வருஷம் அறுவடை நேரத்தில் அவனால் விமானத்தைத் தவறவிட்டோம். வடக்கு டகோட்டாவில் ஒரு கிடங்கின் மேடை தப்பாகக் காட்டுகிறது என்று மூடி வைத்திருந்தார்கள். சோளம் ஏற்றிய லாரிகள் சாலைவரை நின்றுகொண்டிருந்தன. நான் விமானம் ஏறும் வாசலில் நின்று, இதோ வருகிறார், இதோ வருகிறார் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்திவிட்டார்கள். லைல் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தான்.

"உனக்கு என்னதான் கேடு?" என்று கத்திவிட்டேன். "கவர்ன்மெண்ட்டே கூப்பிட்டு இந்தப் பக்கம் வாடாங்கறான். நீ அந்தப் பக்கம் போய் வெறுங்கால்ல நிக்கற. என்ன, ஏதாவது வேண்டுதலா?"

"ஆமான்னு வச்சுக்கயேன்."

"விளையாடாத. அங்க ஜனங்க லாரியிலேயே தூங்கறாங்க. நீ எனக்கு ஒரு காரணம் சொல்லியாகணும். இல்ல, நாளையிலேர்ந்து நான் வேற ஆளோட போறேன்."

அவன் காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் ஷூ கயிற்றைக் கட்டினான். பிறகு நடீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

நடீன் அவன் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையைப் பார்த்துக்கொள்கிறவள். அவளைத் தெரியாதவர்கள் எங்கள் கம்பெனியில் கிடையாது. அவளுடைய அம்மாவுக்கு மூளையில் ரத்தக் குழாய் வெடித்து, இயந்திரம்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இனித் திரும்பி வர மாட்டாள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அப்படி ஒரு நிலை வந்தால் மகள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அம்மா முன்பே எழுதிவைத்திருந்தாள். அப்பா வெர்னன் இயந்திரத்தை நிறுத்தக் கூடாதென்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியை விட்டே வெளியே போனார். நடீன் கையெழுத்துப் போட்டாள். அன்றோடு வெர்னன் மகளிடம் பேசுவதை விட்டார். வீட்டை விற்றுவிட்டு ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டார். இவள் போன் செய்தால் எடுப்பதில்லை.

இவ்வளவும் எனக்கு அரைகுறையாகத் தெரியும். மற்றது தெரியாது.

அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். வெர்னனுக்கு நாள் நெருங்கிவிட்டது, மகளைப் பார்க்க வேண்டும் என்கிறார், உடனே வாருங்கள் என்றாள். மறுநாள் காலை விமானத்துக்கு லைலும் நடீனும் கிளம்பினார்கள்.

"அவளுக்கும் அந்தக் குறி வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா" என்றான் லைல். "நீ எப்பவோ ஒரு தடவை பறக்கறவ, உனக்கெதுக்குன்னு கேலி பண்ணினேன். எப்பவும் அப்படித்தான், நான் விரைவுல போயிடுவேன், காபி வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், அவ வந்து சேருவா. அன்னிக்கு, 'கூட நில்லேன் லைல், எனக்குப் படபடன்னு வருது'ன்னா. நான், 'முன்னாடி போய் வாசல்ல சொல்லி வைக்கறேன்'னு கிளம்பிட்டேன். பெரிய உபகாரம் பண்றதா நினைப்பு."

அன்றைக்குப் பாதி சோதனை இயந்திரங்கள் ஓடவில்லை. பொது வரிசை கார் நிறுத்துமிடம்வரை போயிருந்தது. அப்பா சாகக் கிடக்கிறார், என்னை முன்னால் விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மொத்த வரிசையும் விலகியிருக்கும். எங்கள் ஊரில் அது வாயில் வராது. நடீன் ஒரு படி மேலே போய், அழுகிற குழந்தையோடு பின்னால் நின்றவளைத் தனக்கு முன்னால் விட்டாளாம்.

விமானத்தின் கதவை மூடப்போகிறார்கள் என்ற நேரத்தில் அவள் வரிசையில் நின்றபடியே லைலைப் போனில் கூப்பிட்டாள். "நீ ஏறு. அப்பா தனியா இருக்கக் கூடாது. நான் அடுத்ததுல வரேன்."

அவன் ஏறினான். மத்தியானம் வெர்னனின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கிழவருக்கு நினைவு இருந்தது. நடீன் எங்கே என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறாள் என்றான். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் அடுத்த அறைக்குப் போன சமயத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"'அவகிட்ட சொல்லு. அவ அம்மா விஷயத்துல அவ செஞ்சதுதான் சரி. அது நான் செய்ய வேண்டியது. எனக்குத் தைரியம் வரல. அந்தக் கோவத்தப் பொண்ணு மேல காட்டிட்டேன்.' இதுதான் சொன்னார். திணறித் திணறிச் சொன்னார். சாயங்காலம் போயிட்டார்."

"நடீன்?"

"ராத்திரிதான் வந்தா. போன்ல சொல்ல மனசு வரல, ஏர்போர்ட்டுக்கே போனேன். என் மூஞ்சியப் பாத்ததுமே புரிஞ்சுடுச்சு. 'நீயாவது உயிரோட பாத்தியா?'ன்னு கேட்டா." அவன் கட்டிய ஷூ கயிற்றை மறுபடி அவிழ்த்தான். "பாத்தேன்னு எப்படிச் சொல்றது ரோண்டா? அவ உக்காந்திருக்க வேண்டிய நாற்காலியில நான் உக்காந்து, அவ கேக்க வேண்டியத நான் கேட்டுட்டு வந்து நிக்கறேன். இல்லன்னுட்டேன். நான் போறதுக்குள்ள போயிட்டார்னேன். 'அப்போ அந்த விமானத்த நான் பிடிச்சிருந்தாலும் பாத்திருக்க முடியாது'ன்னு சொல்லி ஒரு மூச்சு விட்டா. அந்த மூச்சப் பாத்ததும், இதுவே இருக்கட்டும்னு தோணிச்சு. இன்னும் உறுதியா இருக்கட்டும்னு, நான் தொட்டப்பவே கை சில்லுன்னு இருந்துச்சுன்னும் சொல்லிட்டேன்."

அப்புறம் வீட்டுக்கு வந்து, கோபம் தீராமலே அப்பா போய்விட்டார் என்று அவள் அழ ஆரம்பித்தாள். திட்டுவதற்காகத்தான் கூப்பிட்டிருப்பார் என்று அவளுக்கு நினைப்பு. இன்றுவரை அதே நினைப்புத்தான். மருந்து இவன் வாயில் இருக்கிறது, வாயைத் திறந்தால் தன் பொய் வெளியே வரும், அந்த வரிசைதான் அவளுடைய அப்பாவைப் பறித்தது என்பதும் வெளியே வரும். ஒவ்வொரு மாதமும் சொல்லலாம் என்று நினைத்து, ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போட்டு, அதற்குப் பதிலாகப் பொது வரிசையில் போய் நின்றிருக்கிறான்.

எனக்கு இரக்கமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

"நீ அங்க போய் நின்னா அவளுக்கு என்னய்யா லாபம்? உன் காலுதான் வலிக்கும். அவ அப்பா கொடுத்தத அவகிட்டக் கொடு. அது உன்னோடது இல்ல."

"சொன்னா அந்த வரிசைய நினைச்சே உருகிடுவா."

"அவ இப்ப மட்டும் சிரிச்சுக்கிட்டா இருக்கா? நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீயும் வா. தனியா இருந்தா மறுபடியும் பயந்துடுவேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். நடீன் பெரிய பானையில் கறியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பு வைத்திருந்தாள். பக்கத்தில் சூடான இலவங்கப்பட்டை ரோல்கள். "வா வா, விமானத்தக் கோட்டை விட்டவங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காருங்க" என்று என்னைக் கிண்டலடித்தபடி கிண்ணத்தில் ஊற்றினாள். லைல் கரண்டியைத் தொடவில்லை.

"நடீன், உங்க அப்பா எங்கிட்டப் பேசினார்" என்றான்.

ஒன்றையும் விடவில்லை. மத்தியானமே போய்ச் சேர்ந்தது, கிழவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவர் சொன்ன வார்த்தைகள், தான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னான். நடீன் கையில் கரண்டியோடு நின்று கேட்டாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை.

"கை சில்லுன்னு இருந்துச்சுன்னு நீதானே சொன்ன?"

"பொய் சொன்னேன்."

"நீயா?" என்று சிரித்தாள். "பொய் சொல்லத் தெரியாத ஆளுன்னு ஊரே சொல்லுது. எங்கப்பா செஞ்சது தப்புன்னு வாயத் திறந்து ஒருநாள் சொன்னதில்ல லைல். அம்மாகிட்டக்கூடச் சொன்னதில்ல. உங்கிட்டயா சொன்னார்?"

"சத்தியமாச் சொன்னார் நடீன்."

"அப்படிச் சொல்லியிருந்தா, ரெண்டு வருஷம் நான் அழறதப் பாத்துக்கிட்டு நீ சும்மா இருந்திருப்பியா? நீ அப்படிப்பட்டவன் இல்ல."

லைல் என் பக்கம் திரும்பினான்.

நான் குறுக்கே புகுந்தேன். "உண்மைதான் நடீன். எங்கிட்ட எல்லாத்தையும் சொன்னான். நான்தான் சொல்லச் சொல்லிக் கூட வந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவ்வளவு பிரியம் இருந்தது. அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது எனக்கு.

"நீ சொல்லிக் கொடுத்ததா? அதானே பாத்தேன், இவனுக்கு இப்படியெல்லாம் பேச வராது. நல்ல மனசு ரோண்டா உங்க ரெண்டு பேருக்கும்."

நான் துணைக்குப் போகாமல் இருந்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பாளோ என்னவோ. நான் உட்கார்ந்திருந்ததுதான் அதை ஒத்திகை பார்த்த பேச்சாக்கிவிட்டது.

லைல் அழுதுகொண்டிருந்தான். நடீன் கரண்டியை வைத்துவிட்டு வந்து, கைத்துண்டால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"அப்பா சொன்னதா என்னால நம்ப முடியாது" என்றாள். "நான் செஞ்சது சரின்னு நீ சொன்னதா வச்சுக்கறேன். சரியா?"

அவன் தலையை ஆட்டினான்.