முந்திப் பாடியவரும் ஆறுதலாகப் பாடியவரும்

போன மாசி மாதம், ஒரு ஞாயிறு பின்னேரம். கனடாவில், மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் எங்கள் முதியோர் சங்கத்தின் ஒன்றுகூடல் நடந்தது. நான் செயலாளர். கந்தோரில் காலம் முழுவதும் சுற்றுநிருபம் எழுதி ஓய்வுபெற்றவனுக்கு வேறு எந்தப் பதவியைக் கொடுப்பார்கள்? நிகழ்ச்சி நிரலும் என் கையில், நேரம் முடிந்தால் அடிக்கிற மணியும் என் கையில்.

நிரலில் இருந்த ஒரு பெயர் காலையிலிருந்தே என்னை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. அது மன்னார்க்காரர் ஒருவருடையது. பாரிசவாதம் வந்ததிலிருந்து அவருக்கு, ஆமென்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்' என்ற ஒரு சொல்தான் மிச்சம். பேச்சு வராதவர்களுக்கும் சிலவேளை பாட்டு வரும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவரோ வீட்டில் வாயே திறக்கவில்லை. பெயரைக் கொடுத்தவர் அவருடைய யாழ்ப்பாணத்துக் கூட்டாளி. பாடுகிறவரின் சம்மதம் வேண்டுமே என்று விதியை எடுத்துச் சொன்னேன்.

"கேட்டனான் அண்ணை. ஓம் எண்டவன்."

இருவரும் வந்த புதிதில் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவியவர்கள். குசினி வானொலியில் கேட்ட பழைய ஆங்கிலப் பாட்டுகள்தான் அவர்களைச் சேர்த்தன. யாழ்ப்பாணத்தவருக்கு ராக் என்ற துள்ளல் பாட்டு; கிற்றாரைத் தூக்கினால் தாளத்துக்கு முன்னால் ஓடிவிடுவார். மாதா கோயில் பூசைப் பாட்டில் வளர்ந்த மன்னார்க்காரருக்கு சோல் என்ற உருக்கப் பாட்டு; ஒரு சொல்லைப் பிடித்தால் விட மனமில்லாமல் ஆறுதலாக, மெல்ல மெல்ல இழுப்பார். அமெரிக்காவில் அந்தப் பாட்டுகளை முதலில் பாடியவர்களிலும் பலர் நண்பர்களாக இருந்து, ஒருவர் குரலில் பிடித்ததை மற்றவர் வெட்கமில்லாமல் எடுத்துக்கொண்டார்களாம். இவர்களும் எடுத்தார்கள், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. யார் யாரிடம் களவெடுத்தது என்ற சண்டை நடக்காமல் அவர்கள் பாடிய கலியாண வீடு இல்லை. கிற்றார் முந்தி ஓடும்போதெல்லாம் மன்னார்க்காரர் கம்பிகளை உள்ளங்கையால் அமத்தி நிறுத்தி, மரத்தில் தட்டித் தாளத்தைத் திருப்பிக் கொடுப்பார்.

அவர்களுடைய முறை வருமுன் மன்னார்க்காரரின் மனைவி என்னிடம் வந்தார். "இண்டைக்குச் சரிவராட்டி இவர் இனி வெளியில வெளிக்கிட மாட்டார்" என்றார். முன்வரிசையில் அவருக்கு ஒரு கதிரையைக் காட்டிவிட்டு, அவர்களுடைய பெயர்களைக் கூப்பிட்டேன்.

இருவரும் மேடையில் இரண்டு கதிரைகளில் அருகருகே இருந்தார்கள். கிற்றார் தொடங்கியது. மன்னார்க்காரர் பாட வேண்டிய இடம் வந்தது, போனது. திரும்பத் தொடங்கினார்கள். அப்போதும் அவர் வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. முன்வரிசையில் யாரோ செருமினார். அவர் முகம் சிவந்து, கண் வெளிக்கதவுக்குப் போனது.

அப்போது கூட்டாளி தானே பாடத் தொடங்கினார். அதை எப்படிச் சொல்வது? தாளத்தை எங்கேயோ விட்டுவிட்டு, பஸ் தவறவிட்டவர் மாதிரிப் பாட்டுக்கு முன்னால் ஓடினார். பின்வரிசையில் சிரித்தார்கள். நோயாளியையும் வைத்துக்கொண்டு இதென்ன கூத்து என்று எனக்குப் பதறியது. மணியில் கையை வைத்துவிட்டேன்.

மன்னார்க்காரரின் நெற்றி சுருங்கியது. தலையை ஆட்டினார். கூட்டாளி இன்னும் விரைந்தார். உடனே வாதம் தொடாத அவருடைய மற்றக் கை எழுந்து, கிற்றார்க் கம்பிகளில் 'பட்'டென்று விழுந்தது. அவர் மரத்தில் மெதுவாகத் தட்டினார். தட்டிக்கொண்டே பாடினார்.

முதல் சொல் கொழகொழத்தது. இரண்டாவது தெளிந்தது. பிறகு முழு அடியும், அவருக்கே உரிய அந்த இழுவையோடு வந்தது. கூட்டாளி அடிக்குரலில் பின்னாலேயே போனார், ஒருதரம்கூட முந்தவில்லை. கடைசி அடியில் மன்னார்க்காரர் இழுவையை விட்டு ஒரு துள்ளுத் துள்ளினார். அது யாருடைய துள்ளல் என்று மண்டபத்துக்கே தெரியும்.

அவருடைய மனைவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஒதுக்கிய நேரம் எப்போதோ முடிந்திருந்தது. நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

பிறகு கோட்டு மாட்டும் இடத்தில் கூட்டாளியைப் பிடித்து, வேண்டுமென்றுதான் அப்படிப் பிழையாகப் பாடினீரா என்று கேட்டேன்.

"பிழையோ? நான் எப்பவும் அப்பிடித்தானே அண்ணை பாடுறனான்" என்று சொல்லிவிட்டு, மன்னார்க்காரரின் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தார்.

மன்னார்க்காரருக்குப் பேச்சு இன்னும் திரும்பவில்லை. ஆனால் இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் பாட்டுக் கேட்கிறதாம். பிழைகளைத் திருத்தியே பிழைப்பு நடத்திய எனக்கு, ஒருவரை மீட்டெடுக்க அவர் திருத்தத்தக்க ஒரு பிழையாக அவர் முன்னால் போய் நிற்கவும் ஒரு நட்புக்கு மனம் வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.