இடது பின்கதவில் ஒரு கம்பி

சத்தியமாக நடந்தது இது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய் என்றால் நள்ளிரவு, சுடுகாடு, வெள்ளைப் புடவை என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். எனக்கு நடந்தது ஒரு புதன்கிழமை மதியம், மண்டையைப் பிளக்கும் வெயிலில். சொன்னால் என் மானம் போகும். அதனால்தான் இத்தனை நாள் சொல்லவில்லை.

கார் கதவுகளில் வரும் சத்தத்தைச் சரிசெய்வது என் பிழைப்பு. கதவுக்குள் ஒரு கிளிப் தளர்ந்தாலும் கண்ணாடி ஆடினாலும் லொடலொடவென்று உயிரை வாங்கும். மற்ற மெக்கானிக்குகள் கையை விரித்துவிட்டு என்னிடம் அனுப்புவார்கள். வண்டிக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு, நான் பின்சீட்டில் கண்ணை மூடி உட்காருவேன். கதவில் உள்ளங்கையை வைத்து அங்கங்கே அழுத்துவேன். எந்த இடத்தில் அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ, அங்கேதான் கோளாறு. அதனால் தொழிலில் எனக்குப் பெயரே 'காது'. "அடுப்படியிலேர்ந்து கத்துனா கேக்காது, கதவுக்குள்ள கிளிப் ஆடுனா மட்டும் நல்லா கேக்கும்" என்பாள் என் மனைவி.

அந்தப் புதன்கிழமைக்கு மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மருந்துக்கடைக்காரர் தன் காரைக் கொண்டுவந்தார். வயது அறுபது இருக்கும். இடது பின்கதவில் சத்தம். கழற்றிப் பார்த்தேன். உள்கைப்பிடியிலிருந்து பூட்டுக்கு ஒரு கம்பி போகும். கைப்பிடியை இழுத்தால் அந்தக் கம்பிதான் கதவைத் திறக்கும். அதைப் பிடித்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப் உடைந்துபோய், கம்பி தகரத்தில் இடித்துக்கொண்டிருந்தது. மாற்றுக் கிளிப் வர நாலு நாள் ஆகும். அவரோ மறுநாள் விடியற்காலையில் மனைவியோடு வெளியூர் கிளம்ப வேண்டும்.

"இந்தச் சத்தத்தோட போனா அவளுக்குத் தலைவலி வந்துடும் தம்பி. எப்படியாவது நிறுத்திக் குடு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்பியைக் கைப்பிடியிலிருந்து கழற்றி, கதவின் ஓரமாக வைத்து நீல டேப்பால் ஒட்டிவிட்டேன். சத்தம் போயே போச்சு. ஆனால் இனி அந்தக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். உள்ளேயிருந்து திறக்காது. பின்கதவுதானே, கிளிப் வந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "கைராசிக்காரன்பா நீ" என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தபோது, பாதி வேலைதான் ஆகியிருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை அந்தக் கார் சாலையோரக் குளத்துக்குள் பாய்ந்தது. ஓட்டிய அவர் முன் ஜன்னல் வழியே தப்பித்தார். முட்டிவலிக்காக அவர் மனைவி எப்போதும் பின்சீட்டில் கால் நீட்டித்தான் உட்காருவாராம். வலது கதவு கரையில் முட்டி நின்றுவிட்டது. இடது கதவை அந்த அம்மாவால் திறக்க முடியவில்லை.

செய்தி கேட்டதும் பட்டறையின் ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன். அதோடு சரி. என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, அந்தப் புதன்கிழமை மதியம் 2:10. அதே கார் என் பட்டறை வாசலில் வந்து நின்றது. மருந்துக்கடைக்காரர் இறங்கினார். பாதி ஆளாக இளைத்திருந்தார்.

"பழைய சத்தம் திரும்ப வருது தம்பி. ஒரு வாரமா. அதே பக்கக் கதவு."

வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வழக்கம்போலப் பின்சீட்டில் ஏறி, இடது கதவை ஒட்டி உட்கார்ந்தேன். அவர் ஓட்டினார்.

2:18. முதல் ஸ்பீடு பிரேக்கர். வண்டி குதித்து இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை.

2:21. வழுவழுப்பான சாலை. குலுக்கலே கிடையாது. அப்போதுதான் கேட்டது. டக்... டக்... டக்.

கிளிப் ஆடினால் வண்டியின் ஆட்டத்துக்கு ஏற்றபடி சத்தம் வரும். இது அப்படி இல்லை. நிதானமாக, இடைவெளி விட்டு, யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல இருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். நிற்கவில்லை. என் கைக்கு நேர் கீழே தட்டியது.

"கேக்குதா தம்பி?"

"கேக்குது சார்."

"அவ அங்கதான் உக்காந்திருந்தா." சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "முந்தின வாரம் பேத்தி வந்தப்ப, உள்ளேர்ந்து கதவைத் திறந்துடக் கூடாதுன்னு சைல்டு லாக் போட்டேன். அப்புறம் எடுத்தேனா இல்லையா... எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல. நான்தான் அவளைப் பூட்டி வெச்சுக் கொன்னுட்டேன்."

என் பாவத்தை மூன்று வருடமாக இந்த மனிதர் சுமந்துகொண்டிருக்கிறார். இப்போதாவது சொல்லித்தொலை என்று மனம் அடித்துக்கொண்டது. "அப்படியெல்லாம் இருக்காது சார்" என்று முனகினேன். அவ்வளவுதான் வந்தது. கோழைப்பயல் நான்.

டக் டக் டக் டக். இப்போது வேகமாக...

2:26. சிக்னலில் வண்டி நின்றது. இன்ஜின் தானாக அணைந்தது. தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

கைப்பிடியை இழுத்தேன். கனமே இல்லாமல் லொடக்கென்று வந்தது. கதவு திறக்கவில்லை.

மறுபடி இழுத்தேன். மறுபடி...

பாதம் சில்லென்றது. குனிந்து பார்த்தேன். செருப்பு காய்ந்துதான் இருந்தது. குளிர் மட்டும் முட்டிவரை ஏறியது.

இடுப்புவரை...

நெஞ்சுவரை...

மூச்சு வரவில்லை.

"சார்... கதவு..."

அவர் பதறி இறங்கி, வெளியிலிருந்து திறந்தார். நான் நடுச்சாலையில் விழுந்தேன். மணி 2:27. மொத்தமே ஒரு நிமிடம்தான்.

பட்டறைக்குத் திரும்பி, 3:05க்குக் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினேன். அவர் பக்கத்திலேயே நின்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். கைப்பிடியில் கம்பி மாட்டப்படவில்லை. அது கதவின் ஓரமாக, நீல டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. டேப்பின் நுனி நாக்குபோல மடிக்கப்பட்டிருந்தது. பிறகு பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று அப்படி மடிப்பது என் பழக்கம். தொட்டேன். டேப் ஈரமாக இருந்தது.

அதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. "சார், சைல்டு லாக் இல்ல. நான்தான் சார்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் குனிந்து அந்தக் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இந்தக் கதவுல எப்படி?" என்றார். "கிரேன்ல இழுக்கறப்ப பழைய கதவு மடங்கிப்போச்சு. இது கம்பெனிலேர்ந்து வந்த புதுக் கதவு. பழசு என் வீட்ல இருக்கு. அவ கடைசியா தொட்டது அதுதானே... தூக்கிப் போட மனசு வரல."

4:20. அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில், போர்வை சுற்றி அந்தக் கதவை நிறுத்தியிருந்தார். போர்வையை விலக்கினேன். கதவின் விளிம்பில் சைல்டு லாக்கின் குட்டி சுவிட்ச். மூன்று வருடமாக அதைப் பார்க்க அவருக்குத் தைரியம் வந்ததில்லை. அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் பார்த்தேன்.

"போடல சார். நீங்க பூட்டவே இல்ல."

அவர் படியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கும் யோக்கியதை இல்லை.

திருப்புளியை எடுத்துக்கொண்டு அந்தக் கதவின் முன் உட்கார்ந்தேன். குளத்துத் தண்ணீர் பட்ட திருகுகள் துருவேறி இறுகிப்போயிருந்தன. மூன்று வருடமாக அவற்றை யாரும் தொட்டிருக்க முடியாது. ஒன்றுகூடத் திரும்பவில்லை. அட்டையை உடைத்துத்தான் எடுத்தேன்.

உள்ளே டார்ச் அடித்தேன். எங்கு பார்த்தாலும் காய்ந்த சேறும் துருவும். நான் டேப் ஒட்டியிருந்த இடத்தில் மட்டும், ஒரு சாண் நீளத்துக்குத் தகரம் பளிச்சென்று சுத்தமாக இருந்தது.

கம்பி அங்கே இல்லை.